ஈம் ஊர் ஜனங்க ஊரைவிட்டுப் போகாம இருந்தது விசுவாசத்தாலயா, போக வழி இல்லாமயா?

பாளை அண்ணாச்சி:
இங்கிலாந்துல டார்பிஷயர் மலைப்பக்கம் ஈம்னு ஒரு சின்ன ஊர், ஈயச் சுரங்க வேலை, ஆடு மாடு, அவ்ளோதான். 1665-ல லண்டன்ல பிளேக் போட்டு வாங்குற நேரத்துல அங்கேர்ந்து இந்த ஊர் டெய்லருக்கு ஒரு துணி மூட்டை வந்துச்சு. ஈரமா இருக்கேன்னு அவர்கிட்ட வேலை பாத்த ஜார்ஜ் விக்கர்ஸ் பிரிச்சு நெருப்புப் பக்கம் காயப்போட்டாராம், துணியில இருந்த தெள்ளுப்பூச்சிதான் காரணம்னு சொல்றாங்க. செப்டம்பர் 7 அவரை அடக்கம் பண்ணாங்க. குளிர் காலத்துல கொஞ்சம் அடங்கின நோய் அடுத்த வருஷம் கோடையில திரும்ப எழும்புனப்ப, குருவானவர் வில்லியம் மாம்பெசன் சபை ஜனங்களைக் கூட்டி, நாம யாரும் எல்லை தாண்ட வேண்டாம், நோய் நம்மோட நிக்கட்டும், பக்கத்து ஊர்ப் பிள்ளைங்களாவது பொழைக்கட்டும்னு கேட்டுக்கிட்டார். அப்ப அவருக்கு முப்பது வயசு கூட ஆகல. ஜனங்க சம்மதிச்சாங்க. 76 குடும்பத்துல 259 பேர் போயிட்டாங்கன்னு அவரே அந்த நவம்பர்ல கடிதம் எழுதியிருக்கார். விசுவாசம் இல்லாம இப்படி ஒரு ஊரே நிக்க முடியுமா? முடியாதுன்னுதான் நான் நெனைக்கேன், மத்தவங்களும் சொல்லுங்க.

ஈரோட்டுக்காரன்:
அண்ணாச்சி, செத்தவங்க மேல எனக்கு மரியாதை உண்டுங்க, ஆனா கதையில பாதியை விட்டுட்டீங்க. வசதியான ஆளுங்க கொஞ்சப் பேரு அதுக்கு முன்னாடியே கெளம்பிட்டாங்க. பாதிரியாரே தன் ரெண்டு குழந்தைங்களையும் வெளியூருக்கு அனுப்பி வச்சுட்டுத்தானுங்க ஊர்க்காரங்களை இருங்கன்னு சொன்னாரு! மிச்சம் இருந்தது யாரு, சுரங்கத்துல வேலை செய்யறவன், ஆடு மேய்க்கறவன், கையில காசு இல்ல, வெளியூர்ல வா வந்து தங்கிக்கோன்னு சொல்ல சொந்தம் இல்ல. ஈம்லேர்ந்து டைட்ஸ்வெல் சந்தைக்குப் போன ஒரு பொம்பளைய, பிளேக்கு பிளேக்குன்னு கத்தி கையில கெடச்சதை எடுத்து அடிச்சு வெரட்டுனாங்கன்னு அந்தப் பக்கத்துல ஒரு கதையே இருக்குது. போனாலும் அடி, இருந்தாலும் சாவுங்கறப்போ இருந்துட்டாங்க. அதுக்கு விசுவாசம்னு பேரு வைக்கறது எனக்கு ஒப்பலைங்க.

பாளை அண்ணாச்சி:
தம்பி, வழி இல்லாதவன் என்ன செய்வான்? ராத்திரியோட ராத்திரியா மலையேறி எங்கயாவது குகையில, காட்டுல போய் ஒளிஞ்சாவது உசிரைக் காப்பாத்தப் பாப்பான். அதே வருஷம் லண்டன்ல என்ன பண்ணாங்கன்னு பாரும், நோய் வந்த வீட்டுக் கதவை வெளியில பூட்டி, செவப்புச் சிலுவை போட்டு, காவலுக்கு ஆளும் நிறுத்துனாங்க, அப்படியும் தப்பிச்சு ஓடுனவங்க உண்டு. ஈம்ல எல்லைக்கு ஒரு கல்லு, அதுல குழி, குழியில நோய் ஒட்டாம இருக்கன்னு வினிகர், அந்த வினிகர்ல காசைப் போட்டுட்டுப் போனா வெளியூர்க்காரன் சாப்பாட்டை வச்சுட்டு எடுத்துட்டுப் போவான். வாளோட ஆள் நின்னு காவல் காக்கலையே வே. இன்னொண்ணு, தாமஸ் ஸ்டான்லியைப் பத்தி ஏன் யாரும் பேச மாட்டேங்காங்க? அவர்தான் அந்த ஊர்ல முன்னாடி இருந்த போதகர், பியூரிட்டன், அதாவது சர்ச்சுல சடங்கைக் கொறைக்கணும்னு நின்ன கூட்டத்து ஆளு, ராஜா போட்ட ஜெபப் புத்தகச் சட்டத்துக்கு ஒத்துக்கலன்னு 1662-ல வேலையைப் பறிச்சுட்டாங்க. ஊரு அவரு பேச்சைத்தான் கேக்கும், புதுசா வந்த மாம்பெசனை அவ்வளவா பிடிக்காது. அந்த ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு பேசுனதாலதான் ஜனங்க ஒத்துக்கிட்டாங்க.

தஞ்சை செவிலி:
நான் 2020-ல கொரோனா வார்டுல டூட்டி பார்த்தவ. டூட்டி போட்ட அன்னைக்கே என் ரெண்டு பசங்களையும் மாமியார் வீட்ல கொண்டுபோய் விட்டுட்டேன், அதனால மாம்பெசன் புள்ளைங்களை அனுப்புனதை வச்சு அவரைப் போலின்னு என்னால சொல்ல முடியல. அவர் அங்கயேதான் இருந்தார், அவர் மனைவி கேத்தரினும் கூடவே இருந்து 1666 ஆகஸ்ட்ல அதே நோயில இறந்துட்டாங்க. ஆனா ஈரோட்டுத் தம்பி சொல்றதும் எனக்குத் தெரியும். எங்க தெருவுல ஒரு வீட்டுக்குத் தகரம் அடிச்சாங்க, உள்ள ஒரு வயசான அம்மா ஜன்னல்ல நின்னுக்கிட்டு பால் பாக்கெட்டுக்காகக் கையை நீட்டுவாங்க, தெருவே வேற பக்கம் பாத்துக்கிட்டுப் போகும். அந்த அம்மா தியாகம் பண்ணாங்கன்னு நான் எப்படிச் சொல்றது, அவங்களை யாரும் கேக்கவே இல்லையே. ஈம்ல கேட்டாங்க, அது பெரிய வித்தியாசம். அப்புறம் அங்க ஜெபத்தை மட்டும் நம்பி உக்காந்துடல, சர்ச்சை மூடிட்டுப் பள்ளத்தாக்குல வெட்டவெளியில குடும்பம் குடும்பமா தள்ளித் தள்ளி நின்னு ஆராதனை நடத்துனாங்க, பொணத்தைக் கல்லறைக்குக் கொண்டு போகாம அவங்கவங்க தோட்டத்துலயே புதைச்சாங்க. கிருமின்னா என்னன்னே தெரியாத காலத்துல இதைச் செஞ்சிருக்காங்க.

ஈரோட்டுக்காரன்:
அக்கா, உங்களுக்கு மாமியார் வீடு இருந்துச்சு. எலிசபெத் ஹான்காக்குக்கு என்ன இருந்துச்சுங்க? அந்த ஆகஸ்ட்ல எட்டே நாள்ல புருஷனையும் ஆறு குழந்தைங்களையும் பறிகொடுத்தவங்க. தொட பயந்துக்கிட்டு, காலுல துணியைக் கட்டி இழுத்துட்டுப் போயி, தானே குழி வெட்டிப் புதைச்சாங்களாம், எதிர் மலையிலேர்ந்து பக்கத்து ஊர்க்காரங்க அதைப் பாத்துட்டு நின்னாங்கன்னு சொல்றாங்க. யாரும் எறங்கி வரலைங்க! 2016-ல சர்ச்சுப் பதிவேட்டை வச்சு ஆராய்ச்சி பண்ணவங்க, தொத்துனதுல கிட்டத்தட்ட முக்கால்வாசி மனுஷன்கிட்டேர்ந்து மனுஷனுக்குப் போனதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஊரை அடைச்சதுல வெளியூரு பொழைச்சுதா, அது சரி, ஒத்துக்கறேன். உள்ள இருந்தவன் கணக்கை யாரு பாக்கறது? விசுவாசம் விசுவாசம்னு நாம பேசறது எல்லாம் பாதிரியாரு எழுதுன கடிதத்தை வச்சுத்தானுங்க, ஹான்காக்கு எழுதி வச்ச ஒரு வரி கூட நம்ம கையில இல்ல. அந்த எட்டு நாள்ல அவங்க சாமி கும்பிட்டாங்களா, சாமியைத் திட்டுனாங்களான்னு ஆருக்கும் தெரியாது.

பாளை அண்ணாச்சி:
அதை ஒத்துக்கிடுதேன் தம்பி. திட்டியிருந்தாலும் ஆண்டவர் கோவிச்சிருக்க மாட்டார்ங்கறது என் விசுவாசம், அதை உம்ம மேல திணிக்க மாட்டேன். ஆனா மனுஷ சுபாவத்தைப் பத்திப் பேசணும்னா ஈம்ல மட்டும் பாக்காதீரும், அதுக்கு அப்புறம் நடந்ததையும் பாரும். மாம்பெசன் 1669-ல ஈக்ரிங்ங்கிற ஊருக்கு மாத்தலாகிப் போனார். பிளேக் போய் மூணு வருஷம் ஆச்சு, அப்பவும் அந்த ஜனங்க அவரை ஊருக்குள்ள விட பயந்தாங்க, கொஞ்ச காலம் வெளியில ஒரு குடிசையில தங்க வேண்டியதாப் போச்சு. அவங்களும் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற ஜனங்கதான், அதே பைபிள்தான். எனக்கு அதுதான் ரொம்ப வலிக்கி.

தஞ்சை செவிலி:
எங்க வார்டுலேர்ந்து குணமாகிப் போனவங்களுக்கும் அதேதான் நடந்துச்சு அண்ணாச்சி, வீட்டு ஓனர் வாசல்லயே நிறுத்திச் சாவியை வாங்கிக்கிட்டாருன்னு ஒருத்தர் திரும்ப எங்ககிட்டயே வந்து நின்னார். ஹான்காக் குடும்பத்துக் கல்லறைங்க இன்னும் அந்த மேட்டுல இருக்கு, சுத்தி வட்டமா ஒரு கல்சுவர். ஷெஃபீல்டுல தொழில் பழகிட்டு இருந்த ஒரே மகன்தான் அந்த அம்மாவுக்கு மிச்சம், கடைசியில அவன்கிட்ட போய்ச் சேர்ந்தாங்கன்னு சொல்வாங்க. அந்த ஊர்ல அவங்களுக்குக் கதவைத் தொறந்து விட்டது யாருன்னுதான் நான் ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.