மோட்டார் நுழையாத ஏரிக்காட்டில் ஒரு நாள் நடை: எந்தப் பாதை ஏற்றது?

வேளச்சேரி வாசகர்:
செப்டம்பரில் மகளைப் பார்க்க மினியாபொலிஸ் செல்கிறோம். மினசோட்டாவின் வடகோடியில், பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் படகுக்குக்கூட அனுமதியில்லாத பவுண்டரி வாட்டர்ஸ் வனப்பகுதியில், ஒரே நாளில் நடந்து திரும்பக்கூடிய பாதை உண்டா? பெசன்ட் நகர் கடற்கரையில் காலையில் நடப்பதைத் தவிர எங்களுக்கு வேறு பயிற்சி இல்லை.

மயிலாப்பூர் நடையர்:
ஈகிள் மவுண்டன் பாதைக்குச் செல்லுங்கள், ஐயா. 701 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியே அம்மாநிலத்தின் மிக உயர்ந்த இடம். போக வர ஏறக்குறைய 11 கிலோமீட்டர். முதல் பாதி பெரும்பாலும் சமதளம்தான் என்றாலும், வேரும் கல்லும் பின்னிக் கிடப்பதால் பார்வை காலடியிலேயே இருக்க வேண்டும். வேல் லேக் என்னும் ஏரியைத் தாண்டிய பிறகே கடும் ஏற்றம் தொடங்குகிறது. என்னைக் கேட்டால், முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் அந்த ஏரிக்கரையில் புளிசாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதில் குறையொன்றும் இல்லை.

அண்ணா நகர் அன்பர்:
பகல் நடைக்கும் அனுமதிச் சீட்டு கட்டாயம். கட்டணமில்லை, நாமே எழுதிக்கொள்ளலாம். ஒரு குழுவில் 9 பேருக்கு மேல் கூடாது. தகர டப்பாவுக்கும் கண்ணாடிப் புட்டிக்கும் தடை உள்ளதால், ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

வேளச்சேரி வாசகர்:
மிக்க நன்றி. கொசுத் தொல்லை எப்படி?

மயிலாப்பூர் நடையர்:
ஜூனில்தான் கடுமை. செப்டம்பரில் வெகுவாகக் குறைந்துவிடும்; குளிருக்கு மட்டும் ஸ்வெட்டர் எடுத்துச் செல்லுங்கள்.