போட்டி என்றாலே பெண்கள் ஒதுங்குவார்களா?

கேள்வி: அலுவலகத்தில் ஊக்கத்தொகைக்குப் போட்டி வைத்தால் ஆண்கள்தான் பெயர் கொடுக்கிறார்கள். பெண்களின் இயல்பே அதுதான் என்கிறார் மேலாளர். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பதில்: ஒப்பவே வேண்டாம். 2009-இல் வெளியான ஓர் ஆய்வு: மூன்று மீட்டர் தள்ளியுள்ள வாளிக்குள் டென்னிஸ் பந்தை 10 முறை வீச வேண்டும். விழும் பந்துக்கு இவ்வளவு என்று காசு, அல்லது எதிராளியை ஜெயித்தால் மும்மடங்கு. தான்சானியாவின் மாசாய் மக்களில் ஆண்கள் 50%, பெண்கள் 26% போட்டியைக் கேட்டார்கள். மேகாலயாவின் காசி மக்களில் பெண்கள் 54%, ஆண்கள் 39%!

கேட்டவர்: அங்கே மட்டும் ஏன் தலைகீழ்?

பதில்: குலம் தாய்வழி. பூர்வீகச் சொத்து கடைக்குட்டி மகளுக்கு. அப்படி வளர்ந்தவள் ஏன் தயங்கப் போகிறாள்?

இன்னொருவர்: சரிதான். உங்கள் அலுவலகத்தில் ஜெயித்த பெண்ணை எப்படி நடத்துகிறார்கள்? முதலில் அதைப் பாருங்கள்.