கழிவுநீர் நிலையங்களின் மின்செலவை யார் ஏற்பது?

வரிசெலுத்துபவர்: கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டி 15 ஆண்டுகள் நடத்தும் பொறுப்பைத் தனியாரிடம் கொடுக்கும்போது, மின்கட்டணத்தையும் அவர்களே ஏற்க வேண்டும். ரசீதை நீட்டியதும் சென்னைக் குடிநீர் வாரியம் பணம் தரும் என்றால், கழிவிலிருந்து கிடைக்கும் எரிவாயுவால் மின்சாரம் தயாரிக்கும் என்ஜின் பழுதானால் அதைக்கூட எவரும் அக்கறையோடு சரிசெய்ய மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்: என்ஜினைப் பற்றிச் சொன்னது சரி, ஐயா. ஆனால் கட்டண விகிதம் ஒப்பந்ததாரரின் கையில் இல்லை. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் உயர்ந்த கட்டணம் 2023இலும் 2024இலும் மீண்டும் உயர்ந்தது. இந்த நிச்சயமின்மையை அவர் தலையில் கட்டினால், அதற்கும் சேர்த்தே ஒப்பந்தப்புள்ளியில் விலை குறிப்பார். கடைசியில் அதைக் கொடுப்பதும் நாம்தான். கட்டுமானச் செலவில் 40 விழுக்காட்டைக் கட்டும்போதும் மீதியை 15 ஆண்டுத் தவணைகளிலும் தரும் கங்கைத் தூய்மைத் திட்ட ஒப்பந்தங்களில், செலவாகும் யூனிட்டுகளுக்கு ஒப்பந்ததாரர் முன்கூட்டியே உத்தரவாதம் தருகிறார். யூனிட் அவர் பொறுப்பு, விலை வாரியத்தின் பொறுப்பு என்பதே நியாயமான பங்கீடு.

கொடுங்கையூர்வாசி: யூனிட்டைக் குறைத்தால் ஆதாயம் என்று சொல்லிவிட்டால், கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் புளோயரை இரவில் நிறுத்துவதுதான் எளிய வழியாகிவிடும். நிலையத்தின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி, நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கக் காற்று ஊட்டும் காற்றூட்டத் தொட்டிக்கே போகிறது. அங்கே மிச்சம் பிடித்தால் அரைகுறையாகச் சுத்தமான நீர் பக்கிங்காம் கால்வாயில் கலக்கும். 2019 முதல் மணலி ஆலைகளுக்கு நீர் தரும் 45 எம்.எல்.டி. (நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர்) மறுசுத்திகரிப்பு நிலையத்தின் வடிகட்டும் சவ்வுகளும் விரைவில் அடைபடும். வடசென்னையில் எங்கள் பகுதி ஏற்கெனவே குப்பைக்கிடங்கைச் சுமந்துகொண்டிருக்கிறது. இதையும் எங்கள் மேல் ஏற்றாதீர்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்: உங்கள் அச்சம் நியாயமானது. ஆகவேதான் ஒரு மில்லியன் லிட்டருக்கு இத்தனை யூனிட் என்ற அளவுகோலை நான் ஏற்பதில்லை. வடகிழக்குப் பருவமழையின்போது மழைநீர் சாக்கடையில் புகுந்து கழிவு நீர்த்துவிடுவதால், ஒப்பந்ததாரர் எதுவும் செய்யாமலே அந்தக் கணக்கு அழகாகத் தெரியும். கோடையில் கழிவு செறிவாக வரும்போது அதே கணக்கு அவரை அநியாயமாகத் தண்டிக்கும். பி.ஓ.டி. என்பது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு, அதாவது நீரின் அழுக்கைக் காட்டும் கணக்கு. நீக்கப்பட்ட பி.ஓ.டி. ஒரு கிலோவுக்கு எத்தனை யூனிட் என்று அளந்தால் இந்த இரண்டும் நேராகும். புளோயரை நிறுத்துபவருக்கு நீக்கமே குறைந்துபோகும்.

வரிசெலுத்துபவர்: அளவுகோலை ஏற்கிறேன், அளப்பவரை ஏற்க முடியவில்லை. பி.ஓ.டி. முடிவு வரவே மூன்று நாளாகிறது. அந்த மாதிரியை ஒப்பந்ததாரரின் ஆய்வகமே எடுத்துச் சோதித்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்தியதற்கான ஊக்கத்தொகையை அவரே எழுதிக்கொள்வதாகாதா? நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் இரவுபகலாகத் தானே மாதிரி எடுக்கும் கருவியை வாரியம் வைத்து, வேறொரு ஆய்வகத்தில் சோதித்து, அந்த எண்களையும் மின்மீட்டர் அளவையும் மாதந்தோறும் வெளியிடட்டும். அதுவரை ஊக்கத்தொகை என்ற பிரிவே ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது.