'புரொபோர்ஷனிங் வால்வு' – தமிழில் என்ன?

அன்பின் குழுவினருக்கு,

1965 ஃபோர்டு மஸ்டாங்கின் முன் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் போடுவதற்கான கையேடு தமிழில் தயாராகிறது. மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் மிதியை ஆயில் அழுத்தமாக்குவது), காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வுவது), பேட் (கவ்வும் கட்டை) என்ற சொற்களெல்லாம் அப்படியே இருக்கட்டும். பட்டறையில் சொல்வது அதுதான். 'ஹப்'புக்கு மாட்டுவண்டிச் சக்கரத்தின் 'குடம்' கைகொடுக்கிறது. இடிப்பது 'புரொபோர்ஷனிங் வால்வு'. 'பங்கீட்டு வால்வு' சரிவருமா?

> பங்கீட்டு வால்வு

வராது. முன்னுக்கு இவ்வளவு, பின்னுக்கு இவ்வளவு என்று ரேஷன் அளப்பதுபோல் தொனிக்கிறது. இந்த வால்வு முன் சக்கரத்தின் பக்கமே போவதில்லை. பின் பிரேக் குழாயில்தான் இருக்கும். மெல்ல மிதித்தால் வந்த அழுத்தத்தை அப்படியே விடும். ஒரு வரம்பு தாண்டினால் பின்பக்க அழுத்தம் மட்டாகத்தான் ஏறும். ஓங்கி மிதிக்கையில் பாரம் முன்னே சாய்ந்து பின் டயரின் பிடி தளரும். அங்கே இருப்பதோ டிரம். சுழற்சியே லைனரை மேலும் இழுத்து அழுத்தும். தணிக்காவிட்டால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டி சுழலும். என் பரிந்துரை: 'பின்னழுத்தத் தணிப்பி'.

> பின்னழுத்தத் தணிப்பி

சைலன்சரில் புகை திருப்பித் தள்ளுவதையும் 'பின்னழுத்தம்' என்றே எழுதுகிறார்கள், குழப்பும். 'தணி வால்வு' போதாதா? கூடவே, 'வால்வு' எதற்கு, 'ஓரதர்' எனலாமே.

> ஓரதர்

ஓர் அதர், ஒருவழி. பெடலை விட்டதும் பிரேக் ஆயில் இதே வழியாகத்தான் திரும்புகிறது, எனவே பொருந்தாது. வால்வு இருக்கட்டும். 'தணி வால்வு' எனக்குச் சம்மதம், ஆனால் அதைத் தனியாக முடிவு செய்யாதீர்கள். இதே குழாய்களில் இன்னும் இரண்டு வால்வு உண்டு, மாற்றி மாட்டினால் வம்பு.

ஒன்று, டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரின் வாயில் சுமார் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் சின்ன ரப்பர் வால்வு. டிரம்முக்குள் லைனரைத் தள்ளும் வீல் சிலிண்டரில், ரப்பர் வாஷரின் விளிம்பு சுவரோடு ஒட்டியே இருக்கும், காற்றை உறிஞ்சாது. 'இருத்து வால்வு' என்பேன். இதை டிஸ்க் குழாயில் விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. காலிப்பரில் பேடைப் பின்னிழுக்க ஸ்பிரிங் கிடையாது. அந்த 10 பிஎஸ்ஐயே பேடை உரசவைக்கும், டிஸ்க் சூடேறும், ஆயில் கொதிக்கும், பெடல் தரைக்குப் போகும். மஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டர் காலிப்பருக்கு மேலே இருப்பதால் முன்பக்கம் இருத்து வால்வே வேண்டாம்.

இன்னொன்று, பின் டிரம்மின் ஸ்பிரிங் இழுபடும்வரை முன் டிஸ்க்கைக் காக்கவைப்பது. 'தாமத வால்வு'. மூன்றுக்கும் வினையே பெயர்: தணி, இருத்து, தாமதி.

> முன்பக்கம் இருத்து வால்வே வேண்டாம்

ஆமாம். அதோடு, 1966 வரை இந்த வண்டிக்கு ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டர். ஒரு குழாய் ஓட்டையானால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போயிற்று. 1967இல் வந்த இரட்டை அறையை இதே வேலையோடு போடச் சொல்லி எழுதுங்கள்.

சக்கரப் பகுதியில் ஒரு வரி சேருங்கள். ஆறு சிலிண்டர் வண்டிக்கு நான்கு போல்ட், வி8க்கு 114.3 மி.மீ. வட்டத்தில் ஐந்து. முன்னால் மட்டும் ஐந்தாக்கினால் ஸ்டெப்னி முன்னுக்கோ பின்னுக்கோ ஒன்றுக்குத்தான் உதவும். டிரம்மோடு வந்த 14 அங்குல இரும்புச் சக்கரம் காலிப்பரில் இடிக்கலாம். ஆயில் ஊற்றும் முன்பே சக்கரத்தை மாட்டிக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்க்கட்டும்.

> தணி, இருத்து, தாமதி

அருமை. தணிப்பைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த வகைக்கு 'திருகு தணி வால்வு' என்று எழுதிவிடுகிறேன். தணியும் தாமதமும், ஒரு பக்க அழுத்தம் போனால் விளக்கெரிக்கும் எச்சரிக்கை சுவிட்சும் ஒரே பித்தளைக் கட்டையில் வந்தால்?

> ஒரே பித்தளைக் கட்டையில்

'கூட்டு வால்வு'. அது இருக்கும் வண்டியில் திருகு தணி வால்வையும் மாட்ட வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போடுங்கள்; இரண்டு முறை தணிந்து பின் பிரேக் பெயருக்குத்தான் இருக்கும். திருகு வகையை மட்டும் போட்டவர் காலியான நேர்ச்சாலையில் மிதித்துப் பார்த்து, பின் சக்கரம் முதலில் பூட்டினால் அரைச் சுற்று தணிக்கட்டும். முன் சக்கரம் ஒரு கணம் முந்திப் பூட்டும் இடத்தில் நிறுத்தலாம்.