‘சாமிநாதன் இல்லம்’ குழு: செவ்வாய் காலை 11 மணி

சனிக்கிழமை, மாலை

அம்மா: எல்லோருக்கும் வணக்கம். நித்யாவுக்கு நுங்கம்பாக்கத்தில் ஒரு லா ஃபர்மில் மே மாத இன்டர்ன்ஷிப்புக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது. செவ்வாய் காலை 11 மணி, வீடியோ கால். இங்கே மேல் வீட்டில் டைல்ஸ் வெட்டுகிறார்கள். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் சாயங்காலம்தான் நிற்கும். யார் வீட்டிலாவது அமைதியான அறையும் நல்ல நெட்டும் கிடைக்குமா?

விஜயா அத்தை: வாழ்த்துகள் கண்ணு. இங்கே வா

திவ்யா அக்கா: அம்மா, நம் வீட்டுக்குப் பின்னால் ரயில் போகிறது

விஜயா அத்தை: எப்போதாவதுதான் போகும்

திவ்யா அக்கா: பெரம்பூரில் எப்போதாவதா

குமார் மாமா: (பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது) சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு மகிழ்ச்சிச் செய்தி!! இன்டர்ன்ஷிப் போனால் மாதம் 20,000 ரூபாய். உயர் நீதிமன்றம் அதிரடி உத்தரவு. அனைவருக்கும் பகிருங்கள்

அருண் அண்ணா: மாமா, அது மாணவர்களுக்கு இல்லை. 2024 ஜூனில் சென்னை ஹைகோர்ட் சொன்னது, பதிவு செய்த ஜூனியர் வக்கீல்களுக்கு. சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000. மற்ற ஊர்களில் 15,000.

குமார் மாமா: அப்போ உனக்கு வருகிறதா?

அருண் அண்ணா: அடுத்த கேள்வி

விஜயா அத்தை: 😂😂

அப்பா: நித்யாவுக்கு எவ்வளவு

நான்: அதைப் பற்றி மெயிலில் எதுவும் இல்லை அப்பா

அப்பா: ம்

சுந்தரம் பெரியப்பா: நித்யா, பெரியப்பா எழுதுகிறேன். பொறுமையாகப் படி. முதலில், அவர்கள் உன்னை வழக்குப் பிரிவில் போடுவார்களா, ஒப்பந்தங்கள் எழுதும் பிரிவில் போடுவார்களா என்று தெரிந்துகொள். மே மாதம் ஹைகோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. அவசர வழக்குகளுக்கு விடுமுறைக் கால அமர்வு மட்டும்தான் இருக்கும். சிட்டி சிவில் கோர்ட்டுக்கும் விடுமுறை. வழக்குப் பிரிவில் போட்டால் பழைய வழக்குக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருப்பாய். அதுவும் நல்ல வேலைதான். கட்டைப் படிக்காமல் வாதாட வந்து, நீதிபதி ஒரு கேள்வி கேட்டதும் வாய்தா வாங்கிக்கொண்டு போனவர்களை கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக உட்கார்ந்து எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஆனால் தினமும் பெரிய வாதங்களைக் கேட்கலாம் என்று நினைத்துப் போகாதே. கடைசியில், “நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். எல்லோரும் “இல்லை சார்” என்பார்கள். நீ இதைக் கேள்: கோர்ட் விடுமுறையில் வழக்குப் பிரிவில் இன்டர்னுக்கு என்ன வேலை தருவீர்கள் என்று. கோர்ட் நடைமுறை தெரிந்த பெண் என்று அந்த ஒரு கேள்வியிலேயே புரிந்துவிடும்.

சுந்தரம் பெரியப்பா: இரண்டாவது. பார் கவுன்சில் விதிப்படி ஐந்து வருடப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம் இன்டர்ன்ஷிப் வேண்டும், மூன்று வருடப் படிப்புக்கு 12 வாரம். ஒரு வருடத்தில் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் கணக்கில் வராது. விசாரணை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் வாதாடும் வக்கீலிடம் ஒரு முறையாவது இருந்தாக வேண்டும். நீ இதுவரை எதெல்லாம் முடித்திருக்கிறாய் என்று ஒரு தாளில் எழுதி வை. ஃபர்ம் ஃபர்ம் என்று போய்விட்டுக் கடைசி வருடம் வக்கீல் ஆபீஸ்கள் இருக்கும் தம்புச் செட்டித் தெருவில் “ஒரு சர்ட்டிபிகேட் கொடுங்கள் சார்” என்று நிற்கக் கூடாது. வருடா வருடம் வந்து நிற்கிறார்கள்.

சுந்தரம் பெரியப்பா: மூன்றாவது, நீ போகும் இடத்தின் சரித்திரம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நம் ஹைகோர்ட் 1862-ல் ஏற்பட்டது. இப்போதைய சிவப்புக் கட்டடம் 1892. அதன் உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில்

விஜயா அத்தை: அண்ணா, பாதியிலேயே என் ஃபோன் நின்றுவிட்டது

அருண் அண்ணா: அப்பா, இன்டர்வியூவில் கலங்கரை விளக்கம் கேட்க மாட்டார்கள்

சுந்தரம் பெரியப்பா: கேட்டால்?

குமார் மாமா: 👍

அருண் அண்ணா: நித்யா, அவர்களுக்கு அனுப்பிய சிவியை இங்கே போடு

நான்: (பிடிஎஃப்) சிவி ஃபைனல் நியூ 3

அருண் அண்ணா: இந்தப் பெயரோடா அனுப்பினாய்?

நான்: …

அருண் அண்ணா: போனது போகட்டும். இன்னொரு ஃபர்முக்கு நாளை கடைசித் தேதி என்றாயே, அதற்கு உன் பெயரைப் போட்டு அனுப்பு. அப்புறம் இது என்ன? ஆர்வம்: நிறுவனச் சட்டம், திவால் சட்டம், ஆர்பிட்ரேஷன், காப்புரிமை, மனித உரிமை, விண்வெளிச் சட்டம்.

திவ்யா அக்கா: விண்வெளி 🚀

நான்: சீனியர் அக்கா நிறையப் போடச் சொன்னார்கள்

அருண் அண்ணா: இரண்டு போதும். பேப்பரில் எழுதியது எல்லாம் கேள்வியாகத் திரும்பி வரும். அவர்களுக்கு உன்னைப் பற்றி வேறு எதுவும் தெரியாது, அந்த ஒரு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். சரி, திவால் சட்டம். பிரிவு 7-க்கும் 9-க்கும் என்ன வித்தியாசம்?

நான்: 7 வங்கி மாதிரி நிதிக் கடன் கொடுத்தவர்கள் போடுவது. 9 சரக்கோ சேவையோ கொடுத்துப் பாக்கி வராதவர்கள் போடுவது

அருண் அண்ணா: நல்லது. குறைந்தது எவ்வளவு பாக்கி இருக்க வேண்டும்?

நான்: 1 லட்சம்

அருண் அண்ணா: அது 2016-ல் சட்டம் வந்தபோது. 2020 மார்ச்சில் 1 கோடி ஆக்கிவிட்டார்கள். பழைய நோட்ஸைத் தூக்கிப் போடு. எத்தனை நாளில் முடிய வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்: 180 நாள், நீட்டித்தால் கூட 90, கோர்ட் வழக்குகளில் போகும் நாளையும் சேர்த்து 330. நடைமுறையில் ஏன் அதையும் தாண்டிப் போகிறது என்று கேட்டால் சொந்தமாக ஒரு பதில் வைத்துக்கொள்.

குமார் மாமா: என்னையும் ஒன்று கேள்

அருண் அண்ணா: சரி மாமா. ஒருவர் வேலையை விடும்போது, இரண்டு வருடம் போட்டி கம்பெனியில் சேரக்கூடாது என்று எழுதி வாங்கினால் செல்லுமா?

குமார் மாமா: செல்லும். என்னிடமே வாங்கினார்களே

அருண் அண்ணா: செல்லாது. ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27. வேலையில் இருக்கும்போது தடை போடலாம், விட்ட பிறகு போட்டால் செல்லாது. வியாபாரத்தை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்றவருக்கு மட்டும்தான் விதிவிலக்கு. நித்யா, இது எல்லா இடத்திலும் கேட்கும் கேள்வி.

குமார் மாமா: அப்போ நான் இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தது?

விஜயா அத்தை: அதற்கு வேறு காரணம்

திவ்யா அக்கா: 🤐

அப்பா: 😀

சுந்தரம் பெரியப்பா: மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்ற மோகரி பீபி வழக்கு, 1903, பிரிவி கவுன்சில். அதையும் கேட்பார்கள். நாற்பது வருடமாகக் கேட்கிறார்கள்

திவ்யா அக்கா: நித்யா, இங்கே லீட்ஸில் என்னோடு தங்கியிருக்கும் பெண்ணும் சட்டம்தான். இங்கே விடுமுறையில் ஓரிரு வாரம் ஃபர்மில் வைத்துப் பார்ப்பார்கள், வெகேஷன் ஸ்கீம் என்று பெயர். அதில் பிடித்துப்போனால் இரண்டு வருடம் கழித்துச் சேரும் பயிற்சி வேலைக்கு இப்போதே ஆள் எடுத்துவிடுகிறார்கள். நேர்காணலுக்கு முன்னால் ஆன்லைனில் தர்க்கத் தேர்வு வேறு. அவள் சொன்ன ஒரு விஷயம் உனக்கும் உதவும்: நான் நன்றாகக் குழுவாக வேலை செய்வேன் என்றெல்லாம் சும்மா சொல்லக் கூடாதாம். எங்கே, என்ன சிக்கல், நீ என்ன செய்தாய், என்ன ஆனது, இப்படி நடந்ததைச் சொல்ல வேண்டுமாம்

அருண் அண்ணா: அது சரிதான். இங்கே சட்டப் பிரிவுகளைத்தான் அதிகம் கேட்பார்கள், ஆனாலும் ஒரு கேள்வி அப்படி வரும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இருந்தாயே, லோக் அதாலத் அன்று என்ன செய்தாய்?

நான்: விபத்து இழப்பீட்டு வழக்குகளில் யார் வந்தார்கள், வரவில்லை என்று பார்த்து டோக்கன் கொடுத்தேன். ஒரு பாட்டிக்குத் தொகை ஏன் குறைந்தது என்று விளக்கினேன். அவ்வளவுதான் அண்ணா

அருண் அண்ணா: பாட்டிக்கு விளக்கியதைச் சொல். சிவியில் “மாற்று முறைத் தகராறு தீர்வில் அனுபவம்” என்று போட்டிருக்கிறாய். அதைவிட அது எவ்வளவோ மேல்

விஜயா அத்தை: எந்தப் பாட்டி?

குமார் மாமா: கவர் லெட்டரை சாட்ஜிபிடியில் போட்டால் ஒரு நிமிஷத்தில் தந்துவிடும். நான் அபார்ட்மென்ட் தண்ணீர் லாரி புகாரை அப்படித்தான் எழுதினேன்

அருண் அண்ணா: லாரி வந்ததா மாமா

குமார் மாமா: பதில் வந்தது

அருண் அண்ணா: எழுத்துப் பிழை பார்க்க வைத்துக்கொள், நித்யா. தீர்ப்பு மட்டும் அதனிடம் கேட்காதே. 2023-ல் நியூயார்க்கில் அது கொடுத்த, இல்லவே இல்லாத தீர்ப்புகளை மனுவில் போட்டு, வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் ஆனது. எந்தத் தீர்ப்பானாலும் எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா மாதிரி தீர்ப்புத் தளத்தில் முழுதாகத் திறந்து பார். பிறகு வேறு தீர்ப்பு அதை மாற்றிவிட்டதா என்றும் பார். கல்லூரி லாகின் இருக்கிறதல்லவா? லெட்டரில் இன்னொரு விஷயம். எங்கள் ஆபீசுக்கு வேறு ஆபீஸ் பெயர் போட்டே கடிதங்கள் வருகின்றன. பார்ட்னர் பெண்ணாக இருந்தாலும் “ரெஸ்பெக்டட் சார்” தான். அதற்கு மேல் யாரும் படிப்பதில்லை.

நான்: “ஏன் எங்கள் ஃபர்ம்?” என்று கேட்டால்?

அருண் அண்ணா: புகழ்ந்து வைக்காதே. ராஜாஜி சாலையில் கம்பெனி திவால் வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயம், என்சிஎல்டி சென்னை அமர்வு இருக்கிறதே, அங்கே அவர்கள் நடத்திய வழக்கில் ஒரு உத்தரவை எடுத்துப் படி. இணையத்திலேயே கிடைக்கும். அதில் உனக்குப் புரியாத ஒரு இடத்தைச் சொல்லி, அதைப் பார்த்துக் கற்க வந்தேன் என்று சொல்

சுந்தரம் பெரியப்பா: வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்

அருண் அண்ணா: வீடியோ காலுக்குக் கோட் வேண்டாம் அப்பா

சுந்தரம் பெரியப்பா: கழுத்துப் பட்டை?

அருண் அண்ணா: அதுவும் கவுனும் பதிவு செய்த வக்கீலுக்குத்தான். உங்களுக்குத் தெரியாததா

விஜயா அத்தை: அந்த மாம்பழ மஞ்சள் காட்டன் புடவை கட்டச் சொல் லதா

அம்மா: சரி அண்ணி

சுந்தரம் பெரியப்பா: “ஏன் சட்டம் படிக்க வந்தாய்?” என்பதற்கு நித்யா நல்ல பதில் வைத்திருக்க வேண்டும். சொத்துரிமையில் ஆர்வம் என்று சொல்லலாம். நம் தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தார்கள், ஆனால் அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டார்கள். 2005-ல் மத்திய சட்டம் அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. இதை அழகாகச் சொன்னால்

விஜயா அத்தை: அது என்ன அண்ணா, இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்

குமார் மாமா: நான் இதில் இல்லை

சுந்தரம் பெரியப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

விஜயா அத்தை: நான் படித்துவிட்டேன் அண்ணா

அப்பா: நித்யா இன்டர்வியூவைப் பேசலாமே

திவ்யா அக்கா: “எங்கள் வீட்டு வழக்கு முடியும்போது நானே ஆஜராகிவிடலாம் என்று படிக்க வந்தேன்” என்று சொல் நித்யா

நான்: அக்கா 🙈

அம்மா: அறை விஷயம் யாரும் சொல்லவில்லை

அருண் அண்ணா: எங்கள் ஆபீஸ் நூலக அறை இருக்கிறது சித்தி. ஆனால் செவ்வாய் காலை சீனியருக்குக் கட்சிக்காரர்கள் வருவார்கள். கேட்டுப் பார்க்கிறேன்

குமார் மாமா: எங்கள் வீடுதான் சரி. ரயில் சத்தம் வந்தால் மியூட்டில் போட்டுவிடலாம்

திவ்யா அக்கா: அப்பா, அவள் பேசும்போதா

இரவு 9:40

சித்தப்பா ராயபுரம்: முன் அறை காலிதான். ஃபைபர் நெட். 11 மணிக்கு நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருப்போம். சாவி எதிர் வீட்டில்

விஜயா அத்தை: 🙏

சுந்தரம் பெரியப்பா: நல்லது தம்பி

அம்மா: யோசித்துச் சொல்கிறேன் தம்பி

அப்பா: அருண், உன் ஆபீஸ் என்ன ஆயிற்று

அருண் அண்ணா: திங்கள்தான் தெரியும் சித்தப்பா

விஜயா அத்தை: லதா, பொங்கலுக்குக் கொடுத்த டிபன் கேரியர் இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறதா? அந்த நாலு அடுக்கு

அம்மா: அதை அன்றே திவ்யா பெட்டியில் வைத்துக் கொடுத்தேனே அண்ணி

திவ்யா அக்கா: லீட்ஸுக்கா?

நான்: சித்தப்பா, அந்த அறையில் பிளக் எந்தப் பக்கம்?

சித்தப்பா ராயபுரம்: ஜன்னல் பக்கம். டேபிள் ஃபேனைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கொள்

அம்மா: நித்யா, இன்னும் முடிவாகவில்லை

அருண் அண்ணா: நாளை மாலை ஐந்து மணிக்கு மாதிரி இன்டர்வியூ. நான் கேட்கிறேன், அப்பா கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்

சுந்தரம் பெரியப்பா: நாலு மணி வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தச் சட்டத்தில் பிரிவு 73, 74 இரண்டையும் நான் கேட்கிறேன். 73 பொதுவான நஷ்டஈடு. 74 என்பது, முன்கூட்டியே இவ்வளவு என்று தொகை எழுதியிருந்தாலும், கோர்ட் அதற்கு உட்பட்டு நியாயமான அளவுதான்

விஜயா அத்தை: அண்ணா, அந்த 2005