வீழ்ந்த நகரத்தின் தலைமைக் கணக்கர் யார் பக்கம்?

ஏழாம்வாசல்:
எழுதிக்கொண்டிருக்கும் மிகுபுனைவு நாவலில் ஒரு முடிச்சு. சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆற்று முகத்துவாரத்தில் ஒரு நகரம். வடக்கிலிருந்து வந்த படை அதைப் பிடித்து நாலு வருஷம் ஆகிறது. ராஜா செத்தாச்சு. பதினாறு வயது இளவரசி மலைக்கு அந்தப் பக்கம் மாமன் அரண்மனையில் இருக்கிறாள். புது ஆளுநனுக்கு ஊர் பாஷை வராது. எந்த மதகை எந்த மாதம் திறப்பது, எந்த வணிகக் குழுவுக்கு எவ்வளவு தள்ளுபடி என்பதெல்லாம் பழைய தலைமைக் கணக்கர் ஒருவர் தலைக்குள்தான் இருக்கிறது. அதனாலேயே அவர் தலை தப்பியது. பகலில் ஆளுநனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து ஓலை வாசிக்கிறார். இரவில் இளவரசிக்கு ரகசியக் கடிதம் எழுதுகிறார். இடையில், நகருக்குள் நுழைந்த இளவரசியின் ஆட்கள் மூன்று பேரை அவரே காட்டியும் கொடுக்கிறார்.

கடைசி அத்தியாயத்தில் உண்மை வெளிவருகிறது: கணக்கர் முதல் நாளிலிருந்தே இளவரசி பக்கம். மூவரைக் காட்டிக்கொடுத்ததும் ஆளுநனின் நம்பிக்கையைச் சம்பாதிக்கத்தான். படித்துப் பார்த்த நண்பர்களில் பாதிப்பேர் கைதட்டினார்கள், பாதிப்பேர் "ஏமாத்திட்டியே" என்றார்கள். இந்த முடிவு நிற்குமா?

கறுப்புக்குதிரை:
தாராளமா நிக்கும். கை வைக்காதீங்க.

வாசகன் அறுநூறு பக்கம் ஒரு ஆளைச் சந்தேகப்பட்டுக்கிட்டே வர்றான். வெறுக்கிறான், ஆனா விட முடியல. கடைசில "அடப்பாவி, இவ்வளவு நாளும் இவர் ஒத்தையாளா சுமந்தாரா"ன்னு தோணும் பாருங்க, அதுக்காகத்தான் இந்த மாதிரிக் கதையே படிக்கிறோம். கணக்கர் நிஜமாவே ரெண்டு பக்கமும் காசு வாங்கினவர்னு முடிச்சீங்கன்னா, வாசகனுக்குக் கையில ஒண்ணும் மிஞ்சாது.

ஓலைநாயகம்:
எனக்கு இந்த முடிவு சற்றும் ஒப்பவில்லை. பிடிபட்ட நகரத்தில் விசுவாசம் என்பது பெட்டிக்குள் பூட்டி வைத்துக் கடைசியில் திறந்து காட்டும் பொருள் அல்ல. நாலு வருஷத்தில் அது உருமாறிவிடும். அப்படி உருமாறுவதைக் காட்டுவதுதான் அரண்மனைச் சூழ்ச்சிக் கதையின் வேலை என்பது என் கட்சி.

தஞ்சாவூரைப் பாருங்கள். 1673இல் மதுரை சொக்கநாத நாயக்கரின் படை தஞ்சையைப் பிடித்தது. விஜயராகவ நாயக்கர் போர்க்களத்தில் இறந்தார், அந்தப்புரம் வெடிமருந்தில் எரிந்தது. சொக்கநாதர் தன் பால்சகோதரன் அழகிரியைத் தஞ்சைக்கு ஆளாக வைத்தார். கொஞ்ச நாளில் அழகிரி மதுரைக்குச் சரிசமமான அரசன்போலக் கடிதம் எழுத ஆரம்பித்தார். ஒரே தாதியிடம் பால் குடித்தவர்களுக்கே இந்த கதி.

நம் கணக்கருக்கு நேர் உறவு அடுத்த ஆள்தான். பழைய நாயக்கரிடம் ராயசம், அதாவது அரண்மனைக் கடிதங்கள் எழுதும் வேலை, பார்த்த வெங்கண்ணா. தெலுங்கு வரலாற்று ஏடு சொல்வது இது: செங்கமலதாஸ் என்ற நாயக்கர் குலத்துச் சிறுவனைத் தாதி ஒருத்தி காப்பாற்றி நாகப்பட்டினத்தில் ஒரு செட்டியார் வீட்டில் ஒளித்து வளர்த்தாள். வெங்கண்ணா அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு பீஜப்பூர் வரை போய் முறையிட்டார். சுல்தான் தன் மராட்டியத் தளபதி ஏகோஜியைப் படையோடு அனுப்பினார். அழகிரி ஓடினார், பையன் சிம்மாசனம் ஏறினான். இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் வெங்கண்ணா தஞ்சையின் மகா விசுவாசி. கறுப்புக்குதிரை கைதட்டியிருப்பார்.

ஆனால் பையன் பெரிய பதவியை வளர்த்த செட்டியாருக்குக் கொடுத்துவிட்டான். வெங்கண்ணாவுக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்! நேரே ஏகோஜியிடம் போய், நீங்களே ஆளலாமே என்று ஓதினார். ஏகோஜி முதலில் தயங்கினார், பிறகு எடுத்துக்கொண்டார். தஞ்சை மராட்டியர் கைக்குப் போனது 1676 வாக்கில். பழைய எஜமானனுக்கு இதைச் செய்தவன் நமக்கு என்ன செய்வான் என்று ஏகோஜி நினைக்க, வெங்கண்ணா உயிருக்குப் பயந்து ஊரைவிட்டே ஓடினாராம்.

இந்த மனிதர் எந்த நாளில் விசுவாசி, எந்த நாளில் துரோகி? பீஜப்பூருக்கு நடந்தபோது அவர் நடித்தார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கறுப்புக்குதிரை:
ஓலைநாயகம் சார், அருமையான கதை. ஆனா அதுல வெங்கண்ணா நல்ல வில்லன். வில்லனா ஒரு பகுதிக்குப் பத்தும். ஒரு நாவல் முழுக்க அவர் தோள்மேல ஏறி உட்கார்ந்து ஊரைப் பார்க்கணும்னா முடியுமா?

நீங்க பழசைத் தோண்டினா நானும் தோண்டுறேன். முத்ராராட்சசம்னு ஒரு சமஸ்கிருத நாடகம். நந்த ராஜாக்கள் அழிஞ்சு பாடலிபுத்திரம் சந்திரகுப்தன் கைக்கு வந்தாச்சு. நந்தர் மந்திரி ராட்சசன் மட்டும் அடங்கல, வெளிய இருந்து மலயகேதுங்கிற மலைநாட்டு இளவரசனைச் சேர்த்துக்கிட்டு சதி பண்றான். சாணக்கியன் அவனைக் கொல்லத் துடிக்கிறானா? இல்லையே! மந்திரியா வேணும்ங்கிறான். ஏன்? செத்த ராஜாவுக்கே இவ்வளவு உண்மையா இருக்கிறவன் உயிரோட இருக்கிற ராஜாவுக்கு எப்படி இருப்பான்! நாடகமே ராட்சசனோட விசுவாசத்தை அச்சாணியா வச்சு சுத்துது. அது ஆடினா வண்டி குடை சாய்ஞ்சிரும்.

நிலாமுற்றம்:
அந்த நாடகத்தை நீங்க சொன்னதுக்கு நேர் எதிரா நான் படிச்சிருக்கேன் அண்ணா.

ராட்சசன் தன் மனைவியையும் பிள்ளையையும் நகைவியாபாரி சந்தனதாசன் வீட்டில ஒளிச்சு வச்சிட்டுப் போறான். சாணக்கியனோட ஒற்றன் யமபடம், அதாவது யமன் படம் வரைஞ்ச திரை, காட்டிப் பாடுறவன் வேஷத்தில அந்த வீட்டுக்குள்ள போறான். அஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் வேடிக்கை பார்க்க வெளிய ஓடி வர்றான். உள்ளேயிருந்து ஒரு பெண் கை பதறிப்போய் அவனை இழுக்குது. அந்த இழுப்பில விரல்ல இருந்த மோதிரம் நழுவி உருண்டு வந்து ஒற்றன் காலடியில நிக்குது. ராட்சசனோட முத்திரை மோதிரம். ஆம்பளைக்குச் செஞ்ச மோதிரம், அவ விரலுக்குப் பெரிசு. அவ்வளவுதான். அந்த முத்திரையை வச்சு ஒரு பொய்க் கடிதம், அதைப் பார்த்து மலயகேதுவுக்குச் சந்தேகம், கூட்டணி தூள்தூள்.

கடைசில ராட்சசன் எதுக்குச் சம்மதிக்கிறான்? சந்தனதாசனைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோறாங்க. நண்பன் உயிர் வேணும்னா சந்திரகுப்தனுக்கு மந்திரியா இருன்னு சாணக்கியன் கேட்கிறான். இவன் ஏத்துக்கிறான். ராஜவிசுவாசம் ஒரு பக்கம் இழுக்குது, நண்பனுக்குப் பட்ட கடன் இன்னொரு பக்கம் இழுக்குது, ரெண்டும் நிஜம். முகமூடின்னு எதுவுமே இல்லை. அதனாலதான் அந்தக் காட்சி வலிக்குது.

ஏழாம்வாசல், உங்க கணக்கருக்கு ஒரு சந்தனதாசன் இருக்கானா? அவர் செய்றதுக்கு விலை கொடுக்கப்போற ஆள் யாரு? அந்த மூணு பேர்தானே? அவங்களுக்குப் பேர் வச்சிருக்கீங்களா?

ஏழாம்வாசல்:
ஒருவனுக்கு மட்டும் பெயர் உண்டு. மற்ற இருவரும் "படகோட்டி", "இளையவன்".

நிலாமுற்றம்:
சரியாப் போச்சு.

"திட்டத்துக்காகக் காட்டிக்கொடுத்தேன்"னு கடைசி அத்தியாயத்தில கணக்கர் சொல்லும்போது இளையவனோட அம்மா அந்த அறையில இருந்தா என்ன சொல்லுவா? உங்க முடிவு அந்தக் கேள்வியை வரவிடாமப் பண்ணுது. எனக்குக் கோபம் வந்தது அதுக்குத்தான்.

மதில்மேல்பூனை:
(என் பெயரைப் பார்த்துவிட்டு இந்த இழையில் எனக்குத்தான் முதல் உரிமை என்று யாரும் சொல்லாதது வருத்தம்.)

எல்லாரும் தோற்றவன் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ஜெயித்தவன் சபை மட்டும் ஒரே மனதாகவா இருக்கிறது?

பைசாந்தியப் பேரரசின் தலைநகரம் கான்ஸ்டான்டினோப்பிள் ஒட்டோமான் துருக்கியரிடம் விழுந்தது 1453 மே 29. விழுந்த சில நாட்களிலேயே சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கைது செய்த பெரிய தலை யார்? தன்னுடைய சொந்த முதலமைச்சர், சாந்தர்லி ஹலீல் பாஷா. முற்றுகையே வேண்டாம், சமாதானமாகப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். கிரேக்கர்களிடம் கைக்கூலி வாங்கினார் என்று குற்றச்சாட்டு. அதே வருஷம் தலை போனது. வாங்கினாரோ இல்லையோ, ஏழு வருஷம் முன்னால் சிறுவனாக இருந்த மெஹ்மத்தை இறக்கிவிட்டு அவன் அப்பாவை மறுபடி சிம்மாசனத்தில் உட்கார வைத்த கை அவருடையது. அந்தக் கணக்கு பாக்கி இருந்தது. நகரம் விழுந்த வெற்றிதான் அதைத் தீர்க்கும் தைரியத்தைக் கொடுத்தது.

தோற்ற பக்கத்தில் லூக்காஸ் நோட்டாரஸ், பேரரசரின் பெரிய அமைச்சர். சுல்தான் முதலில் மரியாதையாகத்தான் வைத்திருந்தார். சில நாளில் அவருக்கும் மரணதண்டனை. ஆக, வென்றவனின் மந்திரியும் தோற்றவனின் மந்திரியும் ஒரே வருஷத்தில் காலி.

இதிலிருந்து உங்கள் கதைக்கு: ஆளுநனுக்கு ஒரு படைத்தளபதி இருப்பான், தலைநகரிலிருந்து வந்த ஒரு உதவிக் கணக்கன் இருப்பான். அவனுக்குப் பழைய கணக்கர் சாக வேண்டும், ஆனால் மதகு முறையைக் கற்றுக்கொண்ட பிறகு சாக வேண்டும். தளபதிக்கு ஆளுநனே போக வேண்டும், அதற்குக் கணக்கரின் ரகசியக் கடிதம் கிடைத்தால் போதும். கணக்கர் யார் பக்கம் என்பதைவிட யாருக்கு அவர் எதுவரை தேவை என்பதில்தான் விறுவிறுப்பு.

ஓலைநாயகம்:
மதில்மேல்பூனை சொன்னதோடு படைவீரர்களையும் சேர்க்கிறேன். அரண்மனைக் கதை எழுதுபவர்கள் மந்திரியைத் தாண்டி வெளியே வருவதேயில்லை.

இலங்கையின் பொலன்னறுவையைச் சோழர் பிடித்து ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்டார்கள். 1070 வாக்கில் சிங்கள அரசர் முதலாம் விஜயபாகு மீட்டார். அவரிடமும் வேளைக்காரப் படையினர் வேலை பார்த்தார்கள், உயிரைக் கொடுப்பதாகச் சத்தியம் செய்த கூட்டம். சோழர்மேல் படையெடுக்கிறேன், கிளம்புங்கள் என்று அரசர் சொன்னதும் அவர்கள் கலகம் செய்து அரண்மனையைக் கொளுத்தினார்கள். கலகத்தை அரசர் கடுமையாக அடக்கினார். அதே நகரில் பிற்காலத்தில் வேளைக்காரர் ஒரு தமிழ்க் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள்: புத்தரின் தந்த தாது இருக்கும் கோயிலை நாங்கள் காப்போம் என்று. சோழரை எதிர்த்து வாளெடுக்க அவர்களுக்குக் கை வரவில்லை, கோயிலைக் காக்க வந்தது. இதில் ஒன்றைப் பொய் என்பீர்களா?

கறுப்புக்குதிரை:
நான் ஒண்ணு கேட்கிறேன். எல்லாருமே ரெண்டும் கெட்டான்னா யாருக்காகப் பக்கத்தைப் புரட்டுறது? வெங்கண்ணா, ஹலீல் பாஷா, வேளைக்காரர், எல்லாம் சரி. இவங்க யாரையும் நான் உள்ளேயிருந்து பார்க்கல. வரலாறு வெளியில நின்னு சொல்லுது, அதனால எல்லாமே நெளிவுசுளிவாத் தெரியுது. நாவல் உள்ளே போகும். உள்ளே போனா ஒரு மனுஷனுக்கு ராத்திரி தூங்கும்போது தான் யாருன்னு தெரியும்.

அப்புறம், துரோகியா விசுவாசியான்னு கேட்கவே கூடாதுங்கிற மாதிரி பேசுறீங்க. கேட்கணும். அந்த மூணு பேர் குடும்பம் கேட்கும், ஊர் கேட்கும்.

மதில்மேல்பூனை:
கேட்கும். ஆனால் தீர்ப்பு எங்கிருந்து வரும் என்பதுதான் வேடிக்கை. சீனாவில் மிங் வம்சத்தைவிட்டு வடகிழக்கிலிருந்து படையெடுத்த மஞ்சுக்கள் பக்கம் வந்த அதிகாரிகளால்தான் அவர்களுடைய சிங் ஆட்சிக்கு நாடு படிந்தது. ஹொங் செங்சோ என்று ஒரு தளபதி, 1642இல் பிடிபட்டு, பிறகு தெற்கையே அவர்களுக்கு வசப்படுத்திக் கொடுத்தார். 1776இல் அதே சிங் வம்சத்துப் பேரரசர் சியான்லோங், இரண்டு வம்சத்துக்கு வேலை பார்த்தவர்கள் என்று தனிப் பட்டியல் போட்டு வரலாறு எழுதச் சொன்னார். ஹொங் அதில் இருக்கிறார். கடைசிவரை எதிர்த்துச் செத்த மிங் ஆட்களுக்கோ மரியாதைப் பட்டங்கள்! நாற்காலி உறுதியான பிறகு, அதைத் தூக்கிக்கொடுத்தவனைவிடத் தூக்க மறுத்தவன்தான் தன் மந்திரிகளுக்கு நல்ல பாடம் என்று பட்டிருக்கிறது.

உங்கள் இளவரசி நகரத்தை மீட்டால் கணக்கரை என்ன செய்வாள்? கட்டிப்பிடித்து அழுவாள் என்று எழுதியிருந்தால் அவள் ராணியாக நாலு மாசம் தாங்கமாட்டாள்.

ஏழாம்வாசல்:
கட்டிப்பிடித்து அழுவதாகத்தான் இருக்கிறது. விடுங்கள்.

இப்படி மாற்றிப்பார்க்கப் போகிறேன். கடிதம் கடைசியில் வெளிவராது. ஏழாம் அத்தியாயத்திலேயே உதவிக் கணக்கன் கையில் சிக்கும். வாசகனுக்கு அப்போதே தெரியும், கணக்கர் இளவரசிக்கு எழுதுகிறார் என்று. உதவிக் கணக்கன் அதை ஆளுநனிடம் கொடுக்கமாட்டான். கடிதத்தை மடித்தபடியே கணக்கர் மேசையில், வரிப் பேரேட்டுக்கு மேல் வைத்துவிட்டு, "மாசி மாத மதகு முறையை இன்றைக்குச் சொல்லித் தருகிறீர்களா?" என்று கேட்பான். கணக்கர் சொல்லித் தருவார். ஒவ்வொரு பாடமும் அவர் உயிரின் ஒரு துண்டு. பாடம் தீரும் நேரம் நெருங்கும்போதுதான் அந்த மூவரும் நகருக்குள் வருகிறார்கள். பாடத்தை நீட்டிக்க அவரிடம் இருக்கும் ஒரே சரக்கு அவர்கள்தான். இளவரசிக்காகச் செய்தாரா, தனக்காகச் செய்தாரா என்று அவரையே குழம்பவிடலாம் என்று பார்க்கிறேன்.

இளையவனுக்குப் பெயர் வைத்தாயிற்று. அவன் அம்மா கணக்கர் அலுவலகத்தில் ஓலைக்கட்டு தூசி தட்டுகிறவள்.

நிலாமுற்றம்:
அம்மாவை அங்கயே கொண்டுவந்து வச்சுட்டீங்களா! அப்போ அவளுக்குத் தெரியவர்ற காட்சியைத் தயவுசெஞ்சு கணக்கர் பார்வையில எழுதாதீங்க. அவ பார்வையில எழுதுங்க.

கறுப்புக்குதிரை:
ஏழாம் அத்தியாயம் பிடிச்சிருக்கு, மறுக்கல. "அவரையே குழம்பவிடலாம்"ங்கிறதுதான் உதைக்குது. மூணு பேரைக் காட்டிக்கொடுத்த அன்னைக்கு ராத்திரி அவர் இளவரசிக்குக் கடிதம் எழுதினாரா இல்லையா? எழுதினா அதுல அவங்களைப் பத்தி ஒரு வரி போட்டாரா? அதைச் சொல்லுங்க, குழப்பம் இருக்கா இல்லையான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்.

ஏழாம்வாசல்:
எழுதுவார். மதகைப் பற்றியும் வரியைப் பற்றியும் இரண்டு பக்கம். அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

கறுப்புக்குதிரை:
அப்போ குழப்பமெல்லாம் இல்லை. ஆள் ஆளுநன் பக்கம்.

ஓலைநாயகம்:
எனக்கு அது வெட்கமாகத் தெரிகிறது. இளவரசி பக்கம் இல்லாதவனுக்கு எதற்கு வெட்கம்?