குடும்பக் குழுவில் ஒரு சுத்தியல் பஞ்சாயத்து

கார்த்தி: பெரியப்பா, ஒரு சந்தேகம். அலுமினியக் கட்டையை மில்லிங் மெஷினின் வைஸில் (கட்டையைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கி) இறுக்கினால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிறது. அடியில் வைத்த பேரலல் (கட்டை மட்டமாக உட்கார வைக்கும் இரும்புப் பட்டை) ஆடுகிறது. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன், பிறை மாதிரி தழும்பு விழுந்துவிட்டது.

பெரியப்பா: இரும்புச் சுத்தியலா?

கார்த்தி: கையில் அதுதான் கிடைத்தது 🙈 அப்புறம் ரப்பர் வாங்கினேன். தழும்பு இல்லை, ஆனால் கறுப்புத் தீற்றல். பேரலல் இன்னும் ஆடுகிறது.

பெரியப்பா: ரப்பர் துள்ளும். அடி கட்டையில் இறங்காமல் உன் கைக்கே திரும்பி வரும். டெட் ப்ளோ சுத்தியல் வாங்கு. அதன் தலை உள்ளே பொள்ளல், கொஞ்சம் இரும்புக் குண்டுகள் போட்டிருப்பார்கள். தலை மோதித் துள்ளப் பார்க்கும்போது பின்னாலிருந்து குண்டுகள் வந்து மோதி அமுக்கிவிடும். ஆட்டிப் பார், கலகலவென்று கேட்கும்.

சித்தப்பா: பித்தளைச் சுத்தியலை விட்டுவிட்டீர்களே அண்ணா.

பெரியப்பா: நீ தட்டுவது இரும்பு. அலுமினியத்தில் பித்தளை பதிந்துவிடும். அடி வாங்கும் பொருளைவிட அடிக்கும் பொருள் மென்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

சித்தப்பா: அது சரி. ஆனால் ஷாஃப்டில் இறுகிப்போன பின்னைக் கழற்ற நைலானை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தட்டலாம், அசையாது. பித்தளைக்குத்தான் கனம். முகம் காளான் மாதிரி விரிந்தால் அரத்தால் ராவிவிடுவேன். ஈயம் இன்னும் நல்லது, துள்ளவே துள்ளாது.

பெரியப்பா: ஈயம் வேண்டாம். தூள் கையில் ஒட்டும், கை வாய்க்குப் போகும்.

அக்கா: மரவேலைக்கு? உளிப்பிடி பிளந்துகொண்டே வருகிறது.

பெரியப்பா: கொட்டாப்புளிதான் அம்மா, மரச் சுத்தியல். வேறு யோசனையே வேண்டாம்.

பெரியம்மா: இந்த வீட்டில் ஏழு சுத்தியல் இருக்கிறது. ஓர் ஆணி அடிக்கக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

சித்தப்பா: 😂😂

(மறுநாள்)

கார்த்தி: டெட் ப்ளோ வந்துவிட்டது! தட்டினால் பேரலல் பிடித்துக்கொள்கிறது. ஆனால் கட்டையில் புள்ளிப் புள்ளியாகக் குழி.

பெரியப்பா: சுத்தியலின் முகத்தைப் படம் எடுத்து அனுப்பு.

கார்த்தி: 📷

பெரியப்பா: பார், இரும்புச் சீவல் குத்தி நிற்கிறது. மேஜையில் சீவலுக்கு மேலேயே முகத்தைக் கவிழ்த்து வைத்திருப்பாய். மென்மையான முகம் எதையும் வாங்கி வைத்துக்கொள்ளும். ஊசியால் தோண்டி எடு. திருகிக் கழற்றுகிற முகமாக இருந்தால் புதிதாக மாற்றலாம், உன்னுடையது ஒரே வார்ப்பு.

கார்த்தி: எடுத்துவிட்டேன், நான்கு சீவல். இப்போது குழி விழவில்லை. ஆனால் பேரலல் மறுபடி ஆடுகிறதே?

சித்தப்பா: தட்டிய பிறகு வைஸை இன்னொரு முறை இறுக்கினாயா?

கார்த்தி: ஆமாம், பத்திரத்துக்கு.

சித்தப்பா: அதுதான். இறுக்கும்போது தாடை கட்டையைத் தூக்கும். முதலில் இறுக்கு, அப்புறம் தட்டு, அதோடு கைப்பிடியைத் தொடாதே.

பெரியம்மா: கார்த்தி, பழைய ரப்பர் சுத்தியலை எனக்குக் கொடுத்துவிடு.